துறவி நண்டு செத்துவிட்டதா, சட்டை உரிக்கிறதா?

பீடோக்வாசி | மார்ச் 3, இரவு 10.48

தொட்டியில் இரண்டு துறவி நண்டு. சின்னதன் சங்கு எலுமிச்சை அளவு, பெரியதன் சங்கு ஆரஞ்சு அளவு. சின்னது இன்று மாலையிலிருந்து மணலுக்கு மேலேயே கிடக்கிறது. சங்கிலிருந்து பாதி உடம்பு வெளியே தொங்குகிறது, கால்கள் துவண்டிருக்கின்றன, நிறம் சாம்பல் பூசியது மாதிரி. விரலால் தொட்டும் அசையவில்லை. பெரியது மணலுக்குள் போய் 40 நாள். இரண்டும் போய்விட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். சின்னதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரியதைத் தோண்டிப் பார்க்கலாமா? தொட்டி 60க்கு 30 செ.மீ., மணல் ஆழம் 8 செ.மீ., இரவில் அறையில் ஏசி ஓடும்.

ஈரமணல் | மார்ச் 3, இரவு 11.02

தூக்கிப் போடாதீர்கள், தோண்டாதீர்கள், இனி தொடவும் வேண்டாம். ஏசியை நிறுத்திவிட்டுத் தொட்டி மூடியைச் சாத்துங்கள். சின்னதற்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து என்ன வாடை வருகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

பீடோக்வாசி | மார்ச் 3, இரவு 11.09

லேசாகக் கருவாட்டு வாடை. அழுகிய நாற்றம் இல்லை. ஓடு வெளியே தெரிகிறதே, வீட்டை விட்டு வெளியே வந்தால் சாகப் போகிறது என்றுதானே அர்த்தம்?

ஈரமணல் | மார்ச் 3, இரவு 11.40

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் கடைசிவரை குழம்பும். சங்கு என்பது அது குடியிருக்கும் வீடு, வேறொரு பிராணி விட்டுப்போனது. மேலோடு என்பது அதன் உடம்போடு பிறந்த கவசம். கழற்றிப் போட்ட மேலோட்டைப் பாம்புச் சட்டை மாதிரி சட்டை என்றே சொல்கிறேன்.

மேலோடு வளராது. உள்ளே உடம்பு பெருத்துவிட்டால் பழையதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதற்குச் சில நாள் முன்பே கொடுக்கின் தசை சுருங்கிவிடும். அவ்வளவு பெரிய கொடுக்கை ஒடுங்கிய மூட்டு வழியாக உருவி எடுக்க வேறு வழியில்லை. ஆகவே உரிக்கப்போகிற நண்டும் உரித்து முடித்த நண்டும் தொட்டால் துவண்டுதான் கிடக்கும், உள்ளே இழுத்துக்கொள்ளாது. செத்த நண்டும் அப்படியே கிடக்கும். தொட்டுப் பார்க்கும் சோதனையில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். உயிரோடு இருக்கிற நண்டுக்கு மட்டும் அதனால் நஷ்டம். புது மேலோடு ஈரக் காகிதம் மாதிரி இருக்கும் நேரத்தில் விரல் பட்டால் நசுங்கும், கிழியும், கால் கழன்று விழும்.

இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம் இது. செத்துவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதாலேயே நிறைய நண்டு சாகிறது. காத்திருப்பதால் எந்த நண்டும் செத்ததில்லை.

வாடைக் கணக்கு இப்படி. சட்டை உரிக்கும் நண்டிலிருந்து கடற்பாசி வாடையோ காய்ந்த கூனி வாடையோ லேசாக வரும். செத்த நண்டு அழுகிய மீன் மாதிரி நாறும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும், சந்தேகத்துக்கே இடம் வைக்காது. 28 டிகிரி வெப்பத்தில் மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும். நீங்கள் சொல்வது முதல் ரகம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சங்கை விட்டு முழுக்க வெளியேறி அம்மணமாக நடந்தால் ஆபத்து, உண்மைதான். இது அதுவல்ல. சட்டையிலிருந்து உருவிக்கொள்ள இடம் வேண்டும் என்று முன்பக்கத்தை வெளியே தள்ளியிருக்கிறது. வால் நுனி இன்னும் சங்கின் உள்தண்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஈரமணல் | மார்ச் 3, இரவு 11.58

இன்று இரவே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியது எந்த நேரமும் மேலே வரலாம். உரித்துக் கிடக்கும் நண்டின் வாடை மற்ற நண்டுக்குச் சாப்பாட்டு வாடை. வந்தால் கூடவே வளர்ந்தது என்று பார்க்காது, தின்றுவிடும்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி ஒன்றை எடுத்து மேலும் கீழும் வெட்டி உருளையாக்குங்கள். வெட்டு விளிம்பில் டேப் ஒட்டுங்கள். நண்டை நகர்த்தாமல் அதைச் சுற்றி உருளையை இறக்கி, மணலில் 5 செ.மீ. புதைகிற வரை மெல்லத் திருகுங்கள். மேலே கண்ணாடித்தாள் போட்டு ரப்பர் வளையம் மாட்டுங்கள். சுற்றிக் கறுப்புத் துணி. உள்ளே இரண்டு புட்டி மூடிகளில் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல் உப்புத் தண்ணீர். வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

உப்புநீர் | மார்ச் 4, காலை 6.15

மேலே ஒரு திருத்தம். கண்ணாடித்தாளை அப்படியே இறுக்கிக் கட்டினால் காற்று அடைபடும். ஊசியால் இருபது முப்பது ஓட்டை போடுங்கள், அல்லது கொசுவலைத் துண்டு போதும். இதற்கு இருப்பது செவுள்தான், ஆனால் மூச்சு காற்றிலிருந்து. ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

இன்னொன்று, நல்ல தண்ணீர் என்றால் குழாயில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தது என்று நினைத்துக்கொள்ளப்போகிறார். வெறும் குளோரின் என்றால் அது சரி. சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமின், திறந்து வைத்தால் போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தை, குளோரமினுக்கும் ஆகும் என்று புட்டியில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும். உப்புத் தண்ணீருக்குக் கடல்மீன் தொட்டிக்கான உப்பு, லிட்டருக்கு 35 கிராம். சமையல் உப்பு கூடாது. அதில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் உண்டு, கடல்நீரில் இருக்கும் மற்ற தாதுக்கள் கிடையாது.

ஈரமணல் | மார்ச் 4, காலை 6.40

ஓட்டையை எழுதாமல் விட்டது என் தவறு. உடனே போடுங்கள்.

பீடோக்வாசி | மார்ச் 4, காலை 7.22

போட்டாயிற்று. ஆனால் இப்போது உருளைக்குள் இரண்டு நண்டு மாதிரி தெரிகிறது! சங்குக்கு முன்னால் கொடுக்கு, கால், தலை எல்லாம் சேர்ந்து ஒரு உடம்பு கிடக்கிறது. சங்கு வாயில் வெளிர் ரோஸ் நிறத்தில் ஏதோ. உடம்பு இரண்டாகப் பிய்ந்துவிட்டதா?

ஈரமணல் | மார்ச் 4, காலை 7.30

பிய்யவில்லை. முன்னால் கிடப்பது சட்டை, சங்கு வாயில் இருப்பது நண்டு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, தொடாமல், மூன்று இடத்தைப் பாருங்கள்.

கண். கருமை உள்ளே இருக்கும் கண்ணுக்குச் சொந்தம், மேலோட்டுக்கு அல்ல. சட்டையில் கண்காம்பு இருக்கும், நுனியில் கண்ணின் மூடியும் இருக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி வெறுமையாக. கறுப்பாக இருந்தால் அது உடம்பு.

கால். சட்டையின் காலுக்குப் பின்னால் டார்ச்சை வைத்தால் வெளிச்சம் ஊடுருவும், உள்ளே ஒன்றும் இல்லாத குழாய் என்று தெரியும். செத்த நண்டின் காலில் சதை வெளிச்சத்தை மறைக்கும்.

முதுகு. தலைப்பகுதி முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் சட்டை திறந்து கிடக்கும். உடம்பு முழுவதும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. திறப்புக்குள் வெள்ளையாக மெல்லிய இழைகள் கசங்கிக் கிடந்தால் அது செவுளின் உறை. செவுள், வயிற்றுக்குள் அரைக்கும் பற்கள் இவற்றின் மேல்தோல்கூட இதே தடவையில் உரிந்து வரும்.

பீடோக்வாசி | மார்ச் 4, காலை 7.51

கண் கண்ணாடி மாதிரிதான். கால் நகம் மழுங்கியிருக்கிறது. சங்குக்குள் இருப்பதன் கால் நகம் கூர்மையாகக் கறுப்பாக இருக்கிறது. அசைவு இல்லை. சட்டையை எடுத்துச் சுத்தம் செய்துவிடட்டுமா? வீட்டில் ஒருவருக்கு இதைப் பார்க்கவே பயம்.

ஈரமணல் | மார்ச் 4, காலை 7.55

எடுக்கவே கூடாது. அதுதான் அடுத்த இரண்டு வாரத்துச் சாப்பாடு. புது மேலோடு கெட்டியாகத் தேவைப்படும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு பழைய சட்டையில்தான் இருக்கிறது. கொடுக்கிலிருந்து தொடங்கி நறுக் நறுக்கென்று தின்னும். பயப்படுகிறவருக்காகத்தான் கறுப்புத் துணி இருக்கிறதே.

தவறி ஏற்கெனவே யாராவது எடுத்து எறிந்திருந்தால் கணவாய் ஓட்டைச் சுரண்டி ஒரு சிட்டிகை தூள் வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் அதுதான், தேக்காச் சந்தைப் பக்கம் விசாரியுங்கள். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, காயவைத்துப் பொடித்தும் போடலாம்.

உப்புநீர் | மார்ச் 4, பகல் 1.10

இனி எந்த வரிசையில் உயிர் திரும்பும் என்று தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். முதலில் இரண்டு மீசைகளுக்கு நடுவில் இருக்கும் குட்டி மீசை துடிக்கும். அது மோப்பம் பிடிக்கும் உறுப்பு, மயிரிழை அளவு அசைவு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பிறகு கண்காம்பு. பிறகு வாயருகே இருக்கும் குட்டிக் கால்கள். நடக்கும் கால் ஒன்றிரண்டு நாள் கழித்து. கொடுக்குக்குப் பலம் வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதனால் நாளைக்கும் கொடுக்கு தொங்கிக்கொண்டிருந்தால் பதறாதீர்கள்.

பீடோக்வாசி | மார்ச் 4, இரவு 9.33

குட்டி மீசை துடித்தது. இரண்டு தடவை. வீட்டில் எல்லோரும் பார்த்தோம்.

ஈரமணல் | மார்ச் 4, இரவு 9.36

அருமை. துணியைப் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுங்கள்.

ஈரமணல் | மார்ச் 5, இரவு 8.20

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திருத்தவேண்டும், எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கவேண்டும். இந்த இழையைப் பின்னால் படிக்கிறவர் தவறாக நம்பிக்கொண்டு போய்விடக் கூடாது.

மூன்று நாளுக்குள் நாறும் என்றேன். ஈரத் தொட்டிக்கு அது சரி. ஏசி அறையில் மூடி திறந்த தொட்டி என்றால் சின்ன நண்டு நாறாமலே காய்ந்துவிடும், கருவாடு மாதிரி. அப்போது வாடை ஏமாற்றும். அந்த நிலையில் பார்க்கவேண்டியது விறைப்பு. உரித்த நண்டின் கால் துவண்டு மணலின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கிடக்கும். காய்ந்து செத்ததன் கால் கோணலாக விறைத்து மணலில் படாமல் தூக்கி நிற்கும். வாடையும் இல்லை, விறைப்பும் இல்லை என்றால் ஈரத்தை 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்து ஐந்து நாள் விடுங்கள். செத்திருந்தால் ஈரம் பட்டதும் நாறத் தொடங்கும்.

அடுத்தது நிறம். சாம்பல் நிறமும் மங்கிய கண்ணும் உரிப்புக்கு அடையாளம் என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். உரிப்பதற்கு முந்தைய வாரங்களுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே அசையாமல் கிடக்கும் நண்டிடம் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். செத்து சில மணி நேரமே ஆன நண்டுக்குக் கண் கறுப்பாகவே இருக்கும், உரிக்கப்போவதற்கு மங்கலாக இருக்கும். தலைகீழாகப் புரிந்துகொள்வதற்கு இது ஒன்றே போதும்.

பீடோக்வாசி | மார்ச் 6, மாலை 6.05

சின்னது கொடுக்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. இப்போது பெரியதைப் பற்றிச் சொல்லுங்கள். 43 நாள். எட்டு செ.மீ. மணலில் மூச்சு முட்டாதா? ஓரமாக ஒரு கரண்டி விட்டுப் பார்த்தால் என்ன?

ஈரமணல் | மார்ச் 6, இரவு 7.15

கும்பகர்ணனைப் பாதித் தூக்கத்தில் எழுப்பியவர்கள் கதி நமக்குத் தெரியும். அவனுக்கும் அதனால் நல்லது நடக்கவில்லை.

பட்டாணி அளவுக் குட்டிகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வந்துவிடும். உங்கள் சின்னது அளவுள்ளதற்கு ஒன்று முதல் இரண்டு மாதம். ஆரஞ்சு அளவுச் சங்கில் இருப்பது இரண்டு மூன்று மாதம் எடுப்பது வழக்கம், அதற்கு மேலும் போகும். அந்தக் காலம் முழுக்க உரிப்பதிலேயே போவதில்லை. சட்டையிலிருந்து வெளியே வருவது சில மணி நேர வேலை. அதற்கு முன் பல வாரம் நீரும் கொழுப்பும் சேர்த்துவைத்துக் காத்திருக்கும், அதற்குப் பின் பல வாரம் சட்டையைத் தின்று கெட்டிப்படும். போவதற்கு முன் இரண்டு வாரமாவது உப்புத் தண்ணீர்ப் பக்கமே கிடந்ததா, தின்பதும் குடிப்பதும் கூடியிருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றின் இடதுபக்கம் ஒரு பை மாதிரி வீங்கியிருந்தால் இன்னும் உறுதி. அது உரிப்புக்காகச் சேர்த்துவைத்த கைச்சரக்கு.

மூச்சு முட்டாது. உள்ளே குகை பறித்துக்கொண்டுதான் படுத்திருக்கும். கரண்டி விட்டால் அந்தக் குகைதான் சரியும்.

பீடோக்வாசி | மார்ச் 6, இரவு 7.40

உப்புத் தண்ணீரில்தான் முழு நேரமும் கிடந்தது. அதற்கு நோய் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

உப்புநீர் | மார்ச் 6, இரவு 10.02

மணலுக்கடியில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று தோண்டாமல் அறிய நான்கு வழி.

ஒன்று, சத்தம். இரவில் தொட்டியின் கண்ணாடியில் காதை வைத்தால் சில சமயம் கிர்ர் கிர்ர் என்று தவளைக்குட்டி மாதிரி கேட்கும். கேட்டால் சந்தோஷம், கேட்காவிட்டால் ஒன்றும் அர்த்தமில்லை. இரண்டு, கண்ணாடி ஓரம். பக்கங்களில் கறுப்பு அட்டை மாட்டி, வாரம் ஒருமுறை மட்டும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். குகை கண்ணாடியை ஒட்டி இருந்தால் தெரியும். பார்த்ததும் மூடிவிடவேண்டும், வெளிச்சம் பட்டால் வேறு இடம் தேடி நகரும். மூன்று, வாடை. மணலின் மேல் எங்கோ ஓரிடத்தில் அல்ல, நண்டு இறங்கிய இடத்துக்கு நேர் மேலே முகர்ந்து பாருங்கள். நான்கு, ஈ. பழ ஈ மாதிரி பொடி ஈக்கள் மணலில் ஒரே புள்ளியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் அடியில் பிணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈக்கள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றினால் அதற்கு நண்டு பொறுப்பல்ல, தட்டைக் கழுவுங்கள்.

வாடையும் ஈயும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் தோண்டவேண்டும்.

பீடோக்வாசி | மார்ச் 9, இரவு 8.48

ஈ இல்லை. ஆனால் இன்று மூடியைத் திறந்ததும் நாற்றம் வந்தது, நன்றாகவே! தோண்டிவிடட்டுமா? கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஈரமணல் | மார்ச் 9, இரவு 8.51

கரண்டியைக் கீழே வையுங்கள். என்ன நாற்றம்? அழுகிய மீனா, அழுகிய முட்டையா?

பீடோக்வாசி | மார்ச் 9, இரவு 8.58

முட்டை. நிச்சயமாக முட்டைதான்.

ஈரமணல் | மார்ச் 9, இரவு 9.25

அப்படியென்றால் நாறுவது மணல். அடியில் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல், அதில் வளரும் நுண்ணுயிர் கிளப்பும் வாடை அது. கண்ணாடியின் அடிவிளிம்பில் டார்ச் அடியுங்கள். மணல் கருத்துப் பட்டையாகத் தெரியும், அல்லது தண்ணீர்க் கோடு பளபளக்கும். தினமும் எத்தனை தடவை தண்ணீர் தெளிக்கிறீர்கள்?

பீடோக்வாசி | மார்ச் 9, இரவு 9.31

காலை, மாலை, இரவு. ஈரம் வேண்டும் என்று சொன்னதால் இந்த வாரம் கூடவே தெளித்தேன். அடியில் ஒரு செ.மீ. கருப்பாக இருக்கிறது.

ஈரமணல் | மார்ச் 9, இரவு 10.10

ஈரம் வேண்டும் என்று சொல்லி எவ்வளவு, எங்கே என்று சொல்லாமல் விட்டது எங்கள் குறை. 75 முதல் 85 சதவீத ஈரம் காற்றில் வேண்டும். மணலுக்கு வேண்டியது கடற்கரையில் மணல்வீடு கட்டும் பதம். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. தெளிக்கிற தண்ணீர் காற்றில் சிறிது நேரம்தான் நிற்கும், மற்றதெல்லாம் அடியில் போய்ச் சேரும். மணலுக்கடியில் உரிக்கும் நண்டை மூழ்கடிப்பது பெரும்பாலும் இந்தத் தெளிப்பான்தான்.

இப்போது செய்யவேண்டியது. நண்டு இறங்கிய இடத்துக்கு எதிர்மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு அகலமான உறிஞ்சுகுழலை, நுனியில் நைலான் சாக்ஸ் துண்டு கட்டி, கண்ணாடி மூலையை ஒட்டி அடிவரை மெல்லத் திருகி இறக்குங்கள். மீன்தொட்டிக் காற்றுக்குழாயையும் ஒரு ஊசிச் சிரிஞ்சையும் மாட்டித் தேங்கியதை இழுத்து எடுங்கள். தொட்டியின் மறுபக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்து ஒரு செ.மீ. சாய்த்தால் தண்ணீர் இந்த மூலைக்கே வரும். அரை மணி விட்டு மறுபடி இழுங்கள். தெளிப்பதை நிறுத்துங்கள். மூடியைச் சாத்தினாலே சிங்கப்பூர்க் காற்றுக்கு ஈரம் நிற்கும், ஏசி ஓடும் அறையில் மட்டும்தான் அது இறங்கும்.

உப்புநீர் | மார்ச் 9, இரவு 10.44

இந்த வழியில் தண்ணீர் இறங்காமல் மணலின் மேல்மட்டம் வரை சதசதவென்று இருந்தால் மட்டும் தோண்டுவது நியாயம். அப்போதும் கரண்டி வேண்டாம், கைதான். எதிர்மூலையிலிருந்து பக்கவாட்டில் விரலால் ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆக மணலை அரித்து எடுத்துக்கொண்டே போகவேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. திடீரென்று மணல் உள்வாங்கினால் குகைக்கு வந்துவிட்டீர்கள். நண்டைப் பிடிக்காமல் அடியில் இருக்கும் மணலோடு உள்ளங்கையில் ஏந்தி, ஈரமணல் போட்ட சின்ன டப்பாவுக்கு மாற்றி, சட்டை கிடந்தால் அதையும் கூட வைத்து, இருட்டில் மூடிவிடவேண்டும்.

பீடோக்வாசி | மார்ச் 10, இரவு 7.12

நேற்றும் இன்றும் சேர்த்து 340 மி.லி. வந்தது. வாடை பாதியாகக் குறைந்துவிட்டது. ஈரமானி 91 காட்டுகிறது, ஆனால் கண்ணாடியில் பனித்துளி இல்லை. நம்பலாமா?

உப்புநீர் | மார்ச் 10, இரவு 8.30

முள் வைத்த மலிவு ஈரமானியா? சோதித்துவிடுங்கள். புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள், கரையக் கூடாது. ஜிப் பையில் அதையும் ஈரமானியையும் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும், உப்பின் இயல்பு அது. மானி 75க்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவையும் எப்போதும் கழித்துக்கொள்ளுங்கள். சமையல் உப்புக்குத் தொட்டி விஷயத்தில் இருக்கும் ஒரே உபயோகம்.

பீடோக்வாசி | மார்ச் 11, காலை 6.58

பையில் 88 காட்டியது. பதின்மூன்று கூட. அப்படியானால் இத்தனை மாதமும் 75 என்று நினைத்தது 62.

ஈரமணல் | மார்ச் 11, காலை 7.20

சின்னது ஏன் மேலேயே உரித்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. காற்று வறண்டிருக்கிறது, ஆழம் எட்டு செ.மீ.தான், அதிலும் பெரியது இடத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்க வழியில்லாமல் மேலேயே படுத்துவிட்டது.

70க்குக் கீழே ஈரம் நின்றால் செவுள் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். ஒரே நாளில் சாகாது, மாதக்கணக்கில் மூச்சுத்திணறும். கடையில் வாங்கி மூன்றாம் மாதம் காரணமே இல்லாமல் செத்தது என்று சொல்பவர்களின் தொட்டியில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஈரமணல் | மார்ச் 15, பகல் 11.30

இதோடு தொடர்பில்லாத ஒன்று, ஆனால் நினைவு வந்தபோதே எழுதிவிடுகிறேன். அடுக்குமாடி வளாகத்தில் கொசு மருந்துப் புகை அடிக்கிற நாளில் சன்னல்களை மூடி, தொட்டிமேல் ஈரத் துண்டு போட்டு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வீட்டுக்குள் கரப்பான் மருந்து தெளிப்பான் அடிக்கவே கூடாது. கொசுவையும் கரப்பானையும் கொல்லும் பைரித்திராய்டு வகை மருந்துகள் நண்டு, இறால் இனத்துக்கும் கொடிய விஷம். அப்படிப் பட்டால் கால் இழுத்துக்கொண்டு நடுங்கும், கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழலும். இதை உரிப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உடனே தொட்டியைக் காற்றோட்டமான அறைக்கு மாற்றவேண்டும்.

பீடோக்வாசி | மார்ச் 15, பகல் 12.04

கால் கழல்வது என்றதும் கேட்கிறேன். சின்னதற்கு வலது பக்கம் ஒரு கால் இல்லை. உரித்தபோது போனதா?

ஈரமணல் | மார்ச் 15, பகல் 12.20

போன இடத்தைப் பாருங்கள். வழுவழுப்பான முளை, ஜவ்வரிசி மாதிரி ஒளி ஊடுருவுகிறதா? அப்படியென்றால் புதுக்கால் முளைக்கிறது, அடுத்த உரிப்பில் விரிந்துவிடும், முதல் தடவை கொஞ்சம் குட்டையாக இருக்கும். ஒரு கால் போவது சாவுக்கு அடையாளமல்ல. இரண்டு நாளில் மூன்று கால் விழுந்து, சங்கை விட்டும் வெளியே வந்தால்தான் கவலைப்படவேண்டும்.

பீடோக்வாசி | மார்ச் 22, இரவு 9.15

சின்னது சட்டையை முழுக்கத் தின்றுவிட்டது, கண்காம்பு மட்டும் மிச்சம். உருளையின் சுவரில் ஏறப் பார்க்கிறது. திறந்துவிடலாமா?

உப்புநீர் | மார்ச் 22, இரவு 9.50

மூன்று பார்க்கவேண்டும். கொடுக்கை முழுதாக மூடித் திறக்கிறதா, சங்கைத் தூக்கிக்கொண்டு இழுபடாமல் நடக்கிறதா, நிழல் பட்டால் விருட்டென்று உள்ளே போய்க் கொடுக்கால் வாசலை அடைக்கிறதா. மூன்றும் ஆம் என்றால் உருளையை எடுங்கள். அருகில் மூன்று காலிச் சங்கு வையுங்கள், இப்போதையதன் வாயைவிட அரை செ.மீ.க்குள் பெரியவை. பெயின்ட் அடித்த சங்கு வேண்டாம், செதிள் உதிர்ந்து வயிற்றுக்குள் போகும். இயற்கைச் சங்கைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு ஆறவிட்டு வையுங்கள். சாப்பாட்டில் உப்பில்லாத கூனி, முருங்கையிலை, மருந்தடிக்காத இடத்தில் பொறுக்கிய காய்ந்த சருகு.

பீடோக்வாசி | ஏப்ரல் 27, காலை 5.40

95ஆம் நாள். தண்ணீர்த் தட்டில் பெரியது உட்கார்ந்திருக்கிறது! நிறம் கருஞ்சிவப்பு, கால் மயிரெல்லாம் புதிதாகச் சிலிர்த்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. இன்றே மணலை மாற்றிவிடட்டுமா?

ஈரமணல் | ஏப்ரல் 27, காலை 6.05

மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் இன்று வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். அது ஏறி வந்த குழியையும் மூடாதீர்கள். சட்டையின் மிச்சம் உள்ளே இருக்கலாம், இரவில் இறங்கிப் போய்த் தின்றுவிட்டு வரும்.

மணலுக்குக் கணக்கு இது. ஆழம் 15 செ.மீ., அல்லது பெரிய நண்டின் சங்கு உயரத்தைப்போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது. சங்கு 6 செ.மீ. உயரம் என்றால் 18 செ.மீ. உங்கள் தொட்டிக்கு 32 லிட்டர் கலவை. ஐந்து பங்கு நைசான மணல், ஒரு பங்கு தென்னை நார்த்தூள், கலந்தால் அளவு கொஞ்சம் அமுங்கும், ஆகவே 27 லிட்டர் மணலுக்குக் குறையாமல் வாங்குங்கள். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்று ஊறினால் ஏழெட்டு லிட்டர் வரும், ஒன்றே போதும், மீதம் இருக்கும். குளோரமின் நீக்கிய தண்ணீரில்தான் ஊறவைக்கவேண்டும்.

மணல் மட்டும் நாற்பது கிலோவுக்கு மேல் போகும். தொட்டி எந்த மேசைமேல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சூடேற்றும் தகடு ஒட்டியிருந்தால் அடியில் ஒட்டாதீர்கள், பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே. அடியில் ஒட்டினால் புதைந்திருப்பது வெந்துவிடும்.

பீடோக்வாசி | ஏப்ரல் 27, காலை 6.31

தகடு இல்லை. மேசை ஐக்கியா கணினி மேசை. மாற்றிவிடுகிறேன்.